மேற்கு வெயிலுக்கு நிறம் மாறும் கண்ணாடி: கட்டுப்படியாகும் பொருள் எது?

கோவை அவிநாசி சாலையிலும் சரவணம்பட்டியிலும் புதிதாக எழும் அலுவலகங்களுக்கும் ஷோரூம்களுக்கும் கண்ணாடி முகப்பு வழக்கமாகிவிட்டது. மனை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் முகப்பு வரும். அது மேற்காக அமைந்துவிட்டால் பகல் இரண்டு மணிக்கு மேல் உள்ளே திரையை இறக்கி, விளக்கைப் போட்டு, ஏ.சி.யையும் கூட்டி வைக்க வேண்டியிருக்கிறது. மார்ச் முதல் மே வரை ஈரோடு, கரூர், சேலம் பக்கம் இது இன்னும் மோசம். பொத்தானைத் தட்டினால் தெளிவாகவும் அடர்நிறமாகவும் மாறும் எலக்ட்ரோகுரோமிக் கண்ணாடியைப் பற்றி இங்கே இரண்டு தரப்பினர் விசாரிக்கிறார்கள். ஒரு தரப்பு, கட்டடத்துக்கு வாங்கலாமா என்று கேட்கும் உரிமையாளர்கள். மறு தரப்பு, இதை இங்கேயே செய்ய முடியுமா என்று பார்க்கும் கண்ணாடித் தொழில் செய்பவர்களும் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களும். நிறம் மாறும் பொருள் எது என்பதில்தான் இரண்டு கேள்விக்கும் விடை இருக்கிறது. ஆனால் பலர் நினைப்பதுபோல அந்தப் பொருளின் கிலோ விலையில் அது இல்லை.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இங்கே கட்டுப்படியாகும் விலையில் செய்து பார்க்கத் தகுந்தது டங்ஸ்டன் ஆக்சைடு. அதற்கு எதிர்ப்பக்க ஜோடியாகப் பிரஷ்யன் ப்ளூ எனும் இரும்பு–சயனைடு நீல நிறமியைச் சேர்ப்பதே மலிவான வழி. நிறத்தில் கறாராக இருக்க வேண்டிய இடங்களுக்கு மட்டும் நிக்கல் ஆக்சைடு. மற்ற பொருள்கள் சோதனைக்கூடத்தில் எவ்வளவு அழகாக நிறம் மாறினாலும் நம் மேற்கு ஜன்னலுக்கு ஒத்துவராது.

பந்தயத்தில் சேராத கண்ணாடி

‘ஸ்மார்ட் கிளாஸ்’ என்று இங்கே கடைகளில் காட்டப்படுவது பெரும்பாலும் பி.டி.எல்.சி. எனும் திரவப் படிகப் பிலிம். சுவிட்சைப் போட்டால் தெளியும், அணைத்தால் பால்போல் வெளுக்கும். கூட்ட அறைக்கும் மருத்துவமனைத் தடுப்புக்கும் அது நல்ல பொருள். வெயிலை நிறுத்தும் வேலை அதற்குத் தெரியாது. வெளுத்த நிலையில் அது ஒளியைச் சிதறடிக்கிறதே தவிர, பெரும்பகுதியை உள்ளேயே அனுப்பிவிடுகிறது. தெளிவாக நிற்கவும் தொடர்ந்து மாறுதிசை மின்சாரம் வேண்டும். வழக்கமாக 48 முதல் 65 வோல்ட் வரை, சதுர மீட்டருக்கு 3 முதல் 5 வாட் வரை இழுக்கும்.

எலக்ட்ரோகுரோமிக் இதற்கு நேர்மாறு. 2 வோல்ட்டுக்கும் குறைவான நேர்மின்சாரம், அதுவும் நிறம் மாறும் சில நிமிடங்களுக்கு மட்டும். ஒரு சதுர மீட்டர் முழுதாக நிறமேற 200 கூலும் மின்னூட்டம் என்று வைத்தாலும் 2 வோல்ட்டில் 400 ஜூல்தான். அதாவது ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதன்பின் கரண்ட் போனாலும் நிறம் மணிக்கணக்கில் நிற்கும். விற்பவர் ‘65 வோல்ட் டிரான்ஸ்பார்மர்’ என்று சொன்னால் அது எலக்ட்ரோகுரோமிக் அல்ல என்று அங்கேயே முடிவு கட்டலாம்.

ஜன்னல் கணக்கு

பொருளை ஒப்பிடும் முன் வெயில் எந்த வழியில் உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணாடியில் படும் சூரிய ஆற்றலில் எத்தனை பங்கு கடைசியில் அறைக்குள் வெப்பமாக வந்து சேர்கிறது என்பதே சூரிய வெப்பக் கெழு. 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடிக்கு இது 0.8-க்குச் சற்று மேல். 2017-ன் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதி நம் வெப்பப் பகுதிகளுக்கு 0.27 என்ற மேல்வரம்பை வைத்தது. 15 டிகிரி அட்சரேகைக்குத் தெற்கே வடக்கு ஜன்னலுக்கும் அதே வரம்புதான். கொங்கு நாடு 11 டிகிரியில் இருப்பதால் நமக்கு எந்தத் திசையிலும் சலுகை இல்லை.

நிறம் ஏறிய எலக்ட்ரோகுரோமிக் கண்ணாடி வெயிலைத் திருப்பி அனுப்புவதில்லை, உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியது கண்ணாடியைச் சூடாக்குகிறது. அந்தச் சூட்டில் ஒரு பகுதி வெளிக்காற்றுக்கும் மறு பகுதி அறைக்குள்ளும் போகிறது. ஒற்றை அடுக்காகப் பொருத்திய ஒரு பலகை 15 சதவீதத்தை நேரே விட்டு 75 சதவீதத்தை உறிஞ்சுகிறது என்று வைப்போம். உறிஞ்சியதில் 30 சதவீதம் உள்ளே வந்தால் அது 22 சதவீதம். ஆக மொத்தக் கெழு 0.37. கண்ணுக்குக் கன்னங்கரேல் என்று தெரியும் ஜன்னல் சட்ட வரம்பைக்கூடத் தொடவில்லை!

அதே பலகையை இரட்டைக் கண்ணாடி யூனிட்டின் வெளி அடுக்காக வைத்து, உள் அடுக்கில் வெப்பக் கதிர்வீச்சைத் தடுக்கும் லோ-இ பூச்சு கொடுத்தால் சூடு வெளியே தங்கிவிடும். அப்போது 0.15 பக்கம் இறங்கலாம். சந்தையில் உள்ள சேஜ்கிளாஸ் வகை இரட்டைக் கண்ணாடி தெளிவான நிலையில் 0.41, அடர்ந்த நிலையில் 0.09 என்று காட்டுவது இந்த அமைப்பில்தான். ஆடி மாதத்துப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வெளிக் கண்ணாடியைக் குளிர வைத்து நமக்கு உதவும். ஆனால் வெயில் கொல்லும் ஏப்ரலில் அந்தக் காற்று இருக்காது.

இனி பணம். மேற்குக் கண்ணாடியில் 2 மணி முதல் 6 மணி வரை சராசரி 400 வாட் விழுகிறது என்று எடுத்தால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 1.6 யூனிட் வெப்பம். ஏ.சி. ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் என்றும், மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்றும், ஆண்டுக்கு 250 வெயில் நாள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் 0.27 கெழுவுள்ள நிலையான சோலார் கன்ட்ரோல் கண்ணாடி (வெயிலைத் தடுக்கும், நிறம் மாறாத வகை) ஆண்டுக்குச் சுமார் 700 ரூபாய் மிச்சப்படுத்தும். 0.37-ல் நிற்கும் ஒற்றை எலக்ட்ரோகுரோமிக் 570 ரூபாய். 0.15-க்கு இறங்கும் இரட்டை எலக்ட்ரோகுரோமிக் 870 ரூபாய். நல்ல நிலையான கண்ணாடிக்கு மேல் இது தரும் கூடுதல் ஏ.சி. மிச்சம் ஆண்டுக்கு 160 ரூபாய்தான். வெளிநாட்டுச் சந்தையில் சதுர மீட்டருக்கு 500 டாலருக்கு மேல் போகும் பொருளுக்கு இது ஈடாகவே ஆகாது.

வெளியே சன்ஷேடோ நிற்கும் தட்டியோ வைக்க இடமிருந்தால் அதை முதலில் செய்யுங்கள். கண்ணாடியைத் தொடும் முன்பே வெயிலை நிறுத்துவதை எந்தப் பூச்சும் மிஞ்சாது. தாழ்வாரம் இறக்கிக் கட்டிய நம் பழைய வீடுகள் செய்த வேலை அதுதான். எலக்ட்ரோகுரோமிக்குக்கு இடம், தட்டி வைக்க முடியாமலும் பார்வையை மறைக்கக் கூடாமலும் இருக்கும் ஜன்னல்தான். காலையிலும் மேகம் மூடிய நாளிலும் வெளிச்சம் முழுக்க வேண்டும், மாலையில் மட்டும் அடைக்க வேண்டும் என்ற தேவைக்கு வேறு கண்ணாடி இல்லை. அந்தத் தேவை உண்மையாக இருந்தால் மேலே படியுங்கள்.

பொடி விலை மறக்க வேண்டிய விலை

இந்தப் பலகை ஒரு சாண்ட்விச் போல: மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள இரண்டு கண்ணாடி, ஒன்றின் மேல் டங்ஸ்டன் ஆக்சைடு, மற்றதன் மேல் அதன் ஜோடி, நடுவே அயனி கடத்தும் ஜெல். 400 நானோமீட்டர் தடிமனுள்ள டங்ஸ்டன் ஆக்சைடு படலம் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரை கிராம்தான் பிடிக்கும். எதிர்ப்பக்கம் பூசும் பிரஷ்யன் ப்ளூ அரை கிராம். நடுவே 0.1 மி.மீ. தடிமனில் நிற்கும் ஜெல் 100 மி.லி. செலவு முழுதும் இரண்டு தாள் கடத்தும் கண்ணாடியிலும், ஓரச் சீலிலும், கழிபடும் துண்டுகளிலும்தான் இருக்கிறது. ஆகவே ‘மலிவான பொருள்’ என்றால் மூன்று குணம் பார்க்க வேண்டும்: வெற்றிட எந்திரம் இல்லாமல் பூச முடிய வேண்டும், 70 டிகிரிச் சூட்டையும் புற ஊதாவையும் தாங்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெப்பத்தையும் பிடிக்க வேண்டும்.

மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி அகச்சிவப்பில் இருக்கிறது. நிறமேறிய டங்ஸ்டன் ஆக்சைடின் உறிஞ்சல் 900 நானோமீட்டர் பக்கம் உச்சத்தில் நிற்பதால் அந்த வெப்பத்தையும் பிடித்துவிடும். வயோலஜன் எனும் கரிமச் சாயம் 600 நானோமீட்டர் பக்கம்தான் பிடிக்கும். பார்க்க இருட்டாக இருக்கும், கையை வைத்தால் வெயில் சுடும்.

டங்ஸ்டன் ஆக்சைடு பூசும் இரண்டு வழி

1969-ல் எஸ்.கே. தேப் இந்தப் படலத்தின் நிறமாற்றத்தை வெளியிட்ட காலம் தொட்டு, கட்டடக் கண்ணாடிக்கு இதுதான் முதன்மைப் பொருள். லித்தியம் அயனியும் எலக்ட்ரானும் சேர்ந்து உள்ளே புகுந்தால் நீலம். வெளியே இழுத்தால் தெளிவு. பெரிய ஆலைகள் வெற்றிடத்தில் ஸ்பட்டரிங் செய்கின்றன, அதாவது பொருளை அணு அணுவாகத் தெறிக்கவைத்துப் பூசுகின்றன. அந்த முதலீடு இல்லாதவர்களுக்கு இரண்டு ஈர வழிகள் உண்டு.

முதல் வழி பெராக்சோ டங்ஸ்டிக் கரைசலில் முக்கி எடுப்பது. 10 கிராம் டங்ஸ்டன் உலோகத் தூளை 60 மி.லி. 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில், பனிக்கட்டித் தொட்டிக்குள் வைத்து, சிட்டிகை சிட்டிகையாகப் போட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் பொங்கிக் கொதித்துவிடும். சில மணி நேரத்தில் கரைந்ததும் வடிகட்டி, மிஞ்சிய பெராக்சைடை மிதமான சூட்டில் சிதைத்துத் தீர்த்த பிறகே எத்தனால் சேர்க்கலாம். பெராக்சைடு மிஞ்சியிருக்கும்போது எத்தனால் ஊற்றிச் சூடாக்குவது உயிருக்கு ஆபத்து. கண்ணாடியைச் சீரான வேகத்தில் மேலே இழுத்து, ஒவ்வொரு பூச்சையும் உலர்த்தி, மூன்று நான்கு பூச்சுக்குப் பின் 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் படலம் பிடித்துவிடும். சூட்டை 400 டிகிரிக்குக் கொண்டுபோனால் படிகமாகும். ஆயுள் கூடும், நிறம் மாறும் வேகம் குறையும். ஒரே பூச்சில் தடிமனாக்கப் பார்த்தால் உலரும்போது வெடித்துச் செதில் செதிலாக உரியும். இழுக்கும்போது அறையில் ஈரப்பதம் ஏறி இறங்கினால் பட்டை பட்டையாகத் தெரியும்.

இரண்டாவது வழி மின்படிவு. 25 மில்லிமோலார் சோடியம் டங்ஸ்டேட், 30 மில்லிமோலார் ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் அமிலத்தால் பி.எச். 1.4. சில்வர் குளோரைடு ஒப்பு மின்முனைக்கு எதிரே மைனஸ் 0.45 வோல்ட். முலாம் பட்டறை நடத்துபவர்களுக்கு இது கைவந்த வேலை. தொட்டி, ரெக்டிபயர், எதிரே நிறுத்தும் மின்முனை எல்லாம் தெரிந்தவைதான். சிக்கல் இரண்டு. ஓரங்களில் மின்னோட்டம் கூடுவதால் படலம் ஓரத்தில் தடித்துவிடும். எதிரே நிறுத்தும் மின்முனை கண்ணாடி அளவுக்கே இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடைவெளி எங்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தது தண்ணீர். நம் போர்வெல் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்து டங்ஸ்டேட்டோடு சேர்ந்து கால்சியம் டங்ஸ்டேட்டாக வெள்ளையாகப் படிந்துவிடும். சிறுவாணித் தண்ணீர் மென்மையானதுதான், என்றாலும் அதுவும் வேண்டாம். கடைசி அலசல் வரை அயனி நீக்கிய தண்ணீர்தான்.

அடிக் கண்ணாடிக்கு எஃப்.டி.ஓ. (ஃப்ளூரின் கலந்த டின் ஆக்சைடு) எனும் கடத்தும் பூச்சுள்ளதை வாங்குங்கள், ஐ.டி.ஓ. (இண்டியம் டின் ஆக்சைடு) வேண்டாம். எஃப்.டி.ஓ. விலை குறைவு, 500 டிகிரி சூட்டையும் தாங்கும். பூச்சுப் பக்கம் எது என்று மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துக் குறியிட்டுக்கொள்ளவும். தலைகீழாகப் பூசிய கண்ணாடி வீண்தான். நிறமேறிய பலகையின் ஒரு பாதியில் நிழலும் மறு பாதியில் வெயிலும் விழுந்தால் டஃபன் செய்யாத (சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்து உறுதியாக்காத) கண்ணாடி விரிசல் விடும். ஆகவே டஃபனிங் கட்டாயம். வெட்டுவது, துளையிடுவது, டஃபன் செய்வது எல்லாம் படலம் பூசும் முன்பே முடிய வேண்டும்.

இணைக்கு யார்?

டங்ஸ்டன் ஆக்சைடு தனியாக வேலை செய்யாது. அது வாங்கும் மின்னூட்டத்தை எதிர்ப்பக்கம் ஒன்று கொடுக்க வேண்டும், திரும்ப வாங்கிக்கொள்ளவும் வேண்டும்.

பிரஷ்யன் ப்ளூ இதற்கு மிக மலிவான இணை. 10 மில்லிமோலார் பெர்ரிக் குளோரைடு, 10 மில்லிமோலார் பொட்டாசியம் பெர்ரிசயனைடு, கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சதுர செ.மீ.க்கு 40 மைக்ரோ ஆம்பியர் வீதம் 250 வினாடி கொடுத்தால் 10 மில்லிகூலும் படியும். 30-க்கு 120 செ.மீ. கண்ணாடிக்கு மொத்தம் 144 மில்லி ஆம்பியர்தான். கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். வைத்திருந்தால் வெளிச்சத்தில் தானே நீலமாக வண்டல் கட்டும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நீலமாகி ஒரே நேரத்தில் தெளிவதால் குறைந்த மின்னூட்டத்திலேயே ஆழமான நிறம் கிடைக்கும். இதுதான் இந்த ஜோடியின் பெரிய பலம்.

முதல்முறை செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. தொட்டியிலிருந்து வரும் பிரஷ்யன் ப்ளூ நீலமாக இருக்கும், டங்ஸ்டன் ஆக்சைடு தெளிவாக இருக்கும். இரண்டையும் அப்படியே ஒட்டினால் பலகை பாதி நீலத்திலேயே நிற்கும், எந்தப் பக்கம் மின்சாரம் கொடுத்தாலும் சரியாக நகராது. காரணம், ஒன்றுக்கொன்று கைமாற்ற வேண்டிய மின்னூட்டம் உள்ளேயே இல்லை. ஒட்டும் முன் டங்ஸ்டன் ஆக்சைடை லித்தியம் கரைசலில் தனியாக நீலமாக்கி, பிரஷ்யன் ப்ளூ எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு கூலும் ஏற்றி, உடனே மூடிவிட வேண்டும். காற்று பட விட்டால் அந்த நிறம் மெல்ல வெளுத்து ஏற்றிய கணக்கு குறைந்துபோகும்.

நடுவே வைக்கும் ஜெல்லுக்குப் பழகிய வழி, புரோப்பிலீன் கார்பனேட்டில் 1 மோலார் லித்தியம் பெர்குளோரேட், அதைக் கெட்டியாக்க அக்ரிலிக் பாலிமர். பெர்குளோரேட் ஈரத்தை இழுக்கும். அது தீயைத் தூண்டும் பொருளும்கூட, கரிமப் பொருளோடு சேர்த்து வறட்டக் கூடாது. ஜெல் காரமாக இருந்தால் பிரஷ்யன் ப்ளூவும் டங்ஸ்டன் ஆக்சைடும் இரண்டுமே கரையும். கண்ணாடி லேமினேஷனுக்கு வழக்கமான 140 டிகிரி அடுப்பில் இந்தப் பலகையை வைக்காதீர்கள். பிரஷ்யன் ப்ளூவுக்குள் இருக்கும் நீர் போய்ப் படலம் வெடித்துவிடும்.

நிக்கல் ஆக்சைடின் பலம் நிறத்தில். அது பழுப்பாகும். எதிரே நீலம் சேரும்போது கண்ணுக்குச் சாம்பல் போலத் தெரியும். திருப்பூரில் இது சின்ன விஷயமில்லை. பனியன் செக்கிங் மேஜையிலும் ஷேடு பார்க்கும் இடத்திலும் நீல ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் ஒரே லாட்டின் இரண்டு ரோல் வேறு வேறாகத் தெரியும், வேறுபட்டது ஒன்றாகத் தெரியும். ஜவுளி, பட்டு, நகை ஷோரூம்களுக்கும் இதே நிலைதான். அப்படிப்பட்ட இடத்தில் டங்ஸ்டன்–பிரஷ்யன் ப்ளூ ஜோடியை வைக்கவே வேண்டாம்.

நிக்கல் சல்பேட், பொட்டாசியம் பெர்சல்பேட், அமோனியா கலந்த குளியலில் அறை வெப்பத்திலேயே படலம் போட்டு 300 டிகிரியில் சுடலாம். ஆனால் அந்த மலிவான நிக்கல் படலம் நன்றாக ஓடுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில், அதில் டங்ஸ்டன் ஆக்சைடு கரைந்துவிடும். லித்தியம் ஜெல்லுக்கு மாற்றினால் அதன் கொள்ளளவு குறைகிறது, நிறமேறித் தெளியும் சுழற்சி கூடக்கூடத் தேய்கிறது. அதனால்தான் இந்த ஜோடி ஸ்பட்டரிங் செய்யும் ஆலைகளின் கையிலேயே இருக்கிறது. பட்டறை அளவில் இதை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சுழற்சிச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

மற்றவை

வயோலஜன் செய்ய மிக எளிது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே கரைசலை நிரப்பினால் முடிந்தது. காரின் பின்பார்வைக் கண்ணாடிக்கும் போயிங் 787 விமான ஜன்னலுக்கும் போன குடும்பம் இது. கரைசல் வகையில் நிறம் நிற்க மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சூடேற ஏற நிறம் தானே கரையும், பழைய பலகையில் ஊதாக் கறை மிஞ்சும், துளி ஆக்சிஜன் புகுந்தாலும் கெடும். அதோடு அகச்சிவப்பைப் பிடிக்காத குறையும் சேர்ந்தால் நான்கு மணி நேர மேற்கு வெயிலுக்கு இது ஆகாது.

பெடாட் எனும் கடத்தும் பாலிமருக்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் அச்சடிக்கலாம், அந்தக் கைத்திறன் திருப்பூரில் நிறையவே இருக்கிறது. பிளாஸ்டிக் பிலிமில் சூடில்லாமல் உலர்த்தலாம், கழிவும் மிகக் குறைவு. ஆனால் தெளிவான நிலையிலும் வெளிர்நீலம் போகாது, நேர்வெயிலில் புற ஊதா அதைத் தின்றுவிடும். உள்தடுப்பு, பெயர்ப்பலகை, மாணவர் செயல்விளக்கம் இவற்றுக்கு நல்லது. பாலிஅனிலின் மஞ்சள், பச்சை, நீலம் என்று மாறும். அமிலக் கரைசலில் வளர்க்க மலிவு, எங்கள் கண்ணுக்கு அந்தப் பச்சை கட்டட ஜன்னலில் ஒப்பவில்லை. பிஸ்மத்–தாமிரம் போன்ற உலோகங்களைக் கண்ணாடியிலேயே படியவைத்து மறுபடி கரைக்கும் முறை நல்ல சாம்பல் நிறம் தரும். பெரிய பலகையில் சீராகப் படியவைப்பது கடினம் என்பதால் இப்போதைக்கு அது ஆய்வகத்துக்குரியது.

மின்சாரமே வேண்டாத வெப்பநிறமாற்றிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாலிஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு ஜெல் 32 டிகிரியில் பால்போலாகும். கடத்தும் கண்ணாடி, கம்பி, கன்ட்ரோலர் எதுவும் வேண்டாம் என்பதால் செலவு பெரிதும் குறையும். பார்வை ஜன்னலில் வைத்தால் நம் கோடையில் காலை ஒன்பது மணிக்கே மூடிக்கொண்டு மாலை வரை திறக்காது. ஆனால் பஞ்சாலைகளின் நார்த் லைட் கூரைக்கு இது பொருந்தும். வடக்கு பார்த்த அந்தக் கண்ணாடியில் வெயில் விழாது என்பது ஐரோப்பிய அட்சரேகைக்குச் சரி. 11 டிகிரியில் ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 12 டிகிரிக்கு மேல் வடக்கு. சாய்ந்த கூரைக் கண்ணாடியில் அப்போது நேர்வெயில் இறங்கும். அங்கே வெளியே பார்க்கும் தேவை இல்லை, சிதறிய வெளிச்சம் போதும். ஜெல் வற்றாமல் ஓரத்தை மூடுவது ஒன்றுதான் பெரிய வேலை. வனேடியம் டை ஆக்சைடு 68 டிகிரியில்தான் மாறும். டங்ஸ்டன் கலந்து அந்தச் சூட்டை இறக்கலாம் என்றாலும் மஞ்சள் சாயலும் குறைந்த வெளிச்சமும் அதைப் பின்தள்ளுகின்றன.

அகலம், ஓரம், கன்ட்ரோலர்

பெரிய கண்ணாடியில் நிறம் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெல்ல நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். கடத்தும் பூச்சின் மின்தடையே காரணம். சதுரத்துக்கு 10 ஓம் பூச்சு, சதுர செ.மீ.க்கு 10 மில்லிகூலும், 5 நிமிடத்தில் மாற வேண்டும் என்றால், 30 செ.மீ. அகலத்தில் ஒவ்வொரு கண்ணாடியிலும் இழப்பு சுமார் 0.15 வோல்ட். சமாளிக்கலாம். 1 மீட்டர் அகலத்தில் அதே வேகத்துக்கு 1.6 வோல்ட்டுக்கு மேல் இழப்பு. நாம் கொடுப்பதே 1.2 வோல்ட். அகலம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு என்று நினைவில் வைக்கலாம். ஆகவே உயரமான, 30 செ.மீ. அகலப் பட்டைகளாகச் செய்து, நீண்ட இரு ஓரங்களிலும் மின்பட்டை ஓட்டுவதே புத்திசாலித்தனம். அவசரப்பட்டு வோல்ட்டைக் கூட்டினால் ஓரத்தில் ஜெல் சிதைந்து குமிழி வரும், பிரஷ்யன் ப்ளூ பச்சையாகிவிடும். 1.5 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். கன்ட்ரோலரில் வோல்ட், ஆம்பியர் இரண்டுக்கும் வரம்பு இருக்க வேண்டும்.

ஓரச் சீலில் உள்வரிசை பியூட்டைல், வெளிவரிசை சிலிக்கான். சிலிக்கான் நியூட்ரல் வகையாக இருக்கட்டும். புளிப்பு வாசனை அடிக்கும் வகை விடும் அசெட்டிக் அமிலம் தாமிரப் பட்டையைப் பச்சையாக அரித்துவிடும். பலகைகள் கெடுவது பெரும்பாலும் படலத்தால் அல்ல, இந்த ஓரத்தால்தான். ஈரம் புகுந்தால் முதலில் மூலையில் ஒரு வெளுத்த திட்டு தெரியும், பிறகு குமிழி.

கழிவுநீர் விஷயத்தில் நொய்யல் கரைக்காரர்களுக்கு அறிவுரை தேவையில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதன் வலி இன்னும் நினைவில் இருக்கிறது. பெர்ரிசயனைடு கலந்த அலசல் நீர் வெயிலில் சயனைடை விடும், வலுவான அமிலத்தோடு சூடானால் நச்சு வாயுவாகும். நிக்கல்–அமோனியா கழிவும் சாக்கடைக்குரியதல்ல. சிறு அளவில் செய்தாலும் தனித் தொட்டியில் பிடித்து, அனுமதி பெற்ற கழிவு மேலாண்மைக்கு அனுப்பும் செலவை முதல் நாளே விலையில் சேர்க்க வேண்டும்.

வாங்குமுன், பூசுமுன்

வீட்டுக்கு என்றால் வாங்காதீர்கள். தட்டி, மரம், சன்ஷேடு போதும். மேற்கு முகப்பு அலுவலகத்தில் பார்வை முக்கியம் என்றால், ஆலையில் செய்த டங்ஸ்டன்–நிக்கல் இரட்டைக் கண்ணாடியை அந்த ஒரு சுவருக்கு மட்டும் விலை கேளுங்கள். மற்ற சுவர்களுக்கு நிலையான சோலார் கன்ட்ரோல். கேட்கும்போது அடர்ந்த நிலையின் வெப்பக் கெழுவை இரட்டை யூனிட்டுக்கு எழுத்தில் வாங்க வேண்டும், ஒளிச் சதவீதத்தை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். 50,000 சுழற்சிச் சோதனை அறிக்கையும் வேண்டும். கன்ட்ரோலர் இணையமில்லாமலும் ஓட வேண்டும். இத்துறையின் பெரிய அமெரிக்க நிறுவனமான வியூ 2024 ஏப்ரலில் திவால் பாதுகாப்புக்குப் போனது. கண்ணாடிக்கு இருபது ஆண்டு ஆயுள் எதிர்பார்க்கும்போது விற்றவர் இல்லாமலும் அது இயங்க வழி இருக்க வேண்டும்.

பட்டறையோ ஆய்வகமோ தொடங்க நினைத்தால், 10 செ.மீ. சதுரத்தில் டங்ஸ்டன்–பிரஷ்யன் ப்ளூ பலகை ஐந்தாறு செய்யுங்கள். பாதியை நிறமேற்றி 70 டிகிரி அடுப்பில் ஆயிரம் மணி நேரம் வையுங்கள். மீதியை மொட்டை மாடியில் மேற்கு பார்த்துச் சாய்த்து, தினமும் முழுச் சுழற்சி ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை லக்ஸ் மீட்டரில் தெளிவையும் அடர்த்தியையும், அம்மீட்டரில் கூலும் கணக்கையும் குறித்து வையுங்கள். ஏற்றிய கூலும் முழுதாகத் திரும்பி வராவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியும் முன்பே பலகை சாகத் தொடங்கிவிட்டது. பங்குனியில் வைத்தவை ஆவணி வரை தாக்குப் பிடித்தால் மட்டும் 30 செ.மீ. பட்டைக்குப் போகலாம்.